பதினான்கு மணி நேர ஓய்வு

விமானிகளுக்கு டியூட்டி போடுவது என் வேலை. ஒரு விமானியிடம் "வேற யாரும் இல்லை கேப்டன்" என்று நான் சொன்னது உண்மை. ஸ்டாண்ட்பையில், அதாவது அவசரத்துக்குக் கூப்பிடத் தயாராக, இருந்த இருவரையும் மாலையிலேயே எடுத்துவிட்டோம். விடியற்காலை கொல்கத்தா விமானத்துக்குப் போட்டிருந்தவர் காய்ச்சல் என்று விலகிவிட்டார். விதிப்படி அனுப்பக்கூடியவர் என்று மிஞ்சியது இவர் ஒருவர்தான். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டுமா என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

அவர் சென்னைக்காரர். நான் குருகிராமில், விமான நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில். தமிழில் பேசிக்கொள்ள முடிந்ததால் எங்களுக்குள் கொஞ்சம் உரிமை உண்டு. காலை 5 மணி ரிப்போர்ட்டிங்கை, அதாவது டியூட்டிக்கு வர வேண்டிய நேரத்தை, 2.30-க்கு மாற்றுவதற்காக இரவு 9 மணி வாக்கில் கூப்பிட்டேன்.

"லீகலா தம்பி?"

"லீகல்தான் கேப்டன். பன்னிரண்டு மணி நேரம் ரெஸ்ட் போதும், உங்களுக்குப் பதினாலு வருது."

"கணக்கு சரி. ஏழு மணிக்கே படுத்துட்டேன். வீட்ல எல்லாரும் முழிச்சிருக்காங்க, மேல் வீட்ல ஏதோ விசேஷம் வேற. இன்னும் கண்ணு மூடலை."

"ஃபிட் இல்லைன்னா சொல்லிடுங்க கேப்டன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மேல் வீட்டுப் பாட்டுச் சத்தம் ஃபோனிலேயே கேட்டது.

"வேற யார் இருக்காங்க?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். "சரி, வரேன். கேப் வண்டி எத்தனை மணிக்கு?" என்றார்.

களைப்பாக இருப்பதாகத் தெரிந்தால், சந்தேகம் இருந்தால்கூட, விமானி டியூட்டி ஏற்கக் கூடாது என்பதுதான் விதி. அந்த முடிவு அவருடையது. ஒருவர் ஃபிட்டா இல்லையா என்று ஃபோனில் தீர்மானிக்க நான் டாக்டர் இல்லை. கேட்டவரிடம் இருப்பதை மறைத்துப் பேசுவதும் மரியாதை இல்லை. இதுவரை யோசித்தால் மனசு சமாதானமாகிவிடும். அப்புறம் அந்த 14 மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்பேன். முந்தின டியூட்டிக்காக அவர் விடியற்காலை 3 மணிக்கே எழுந்திருப்பார். அது மதியம் 12.30-க்கு முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட 2 மணி ஆகியிருக்கும். மாலையிலிருந்து இரவு 9 மணி வரை, எவ்வளவு அசதி என்றாலும் உடம்பு லேசில் தூங்காது. அது தூக்கத்துக்குக் கெஞ்சுவது இரவு 2 மணியிலிருந்து காலை 6 வரை. விதிக்கும் இது தெரியும்; அந்த நேரத்தில் வேலை விழுந்தால் டியூட்டியின் நீளத்தைக் குறைக்கச் சொல்கிறது. குறைத்தோம். கொல்கத்தா போய்த் திரும்ப அதுவே தாராளம். விதிமீறல் என்று திரையில் எங்கும் சிவப்பு வரவில்லை.

மங்களூர் விபத்து அறிக்கை அடிக்கடி நினைவுக்கு வரும். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம், 158 பேர் இறந்தார்கள். வழியில் கேப்டன் வெகுநேரம் தூங்கியிருக்கிறார். குறட்டைச் சத்தம் குரல் பதிவுக் கருவியில் இருந்தது. சரியாக அமையாத இறக்கத்தை அவர் கைவிடாததுதான் நேரடிக் காரணம். துணை விமானி மேலே ஏறிவிடலாம் என்று சொல்லியும் தொடர்ந்தார். தூக்கத்திலிருந்து எழுந்த மந்தம் அந்தத் தீர்மானத்தைப் பாதித்திருக்கலாம் என்கிறது அறிக்கை. என்னை உறுத்துவது அதே இடத்தில் உள்ள இன்னொரு குறிப்பு: விமானத்துக்கு முன் அவருக்குப் போதிய ஓய்வு நேரம் கிடைத்திருந்தது. அங்கேயும் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

எங்கள் விமானம் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியது. அதை வைத்து நான் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் களைப்பு அறிக்கை எதுவும் எழுதவில்லை. எழுதினால் தண்டனை கிடையாது என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஆனால் எழுதாதவரின் களைப்பு யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

அன்று கொல்கத்தாவில் அவர் இறங்கியது 5.40-க்கு. பழைய விதியில் 'இரவு' என்பது காலை 5 மணியோடு முடிந்துவிடும்; ஆக அது இரவில் இறங்கியதாகாது. 2024-இல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த திருத்தம் இரவைக் காலை 6 மணி வரை நீட்டியது, வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியது, இரவு லேண்டிங்கை 6-இலிருந்து 2 ஆகக் குறைத்தது. நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அமலுக்கு வர 2025 ஜூலையும் நவம்பரும் ஆயின. டிசம்பரில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, ஜனங்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தபோது, இரவு விதிகளுக்குத் தற்காலிக விலக்கு தரப்பட்டது. விமானிக்கு ஓய்வு கொடுத்ததால்தான் இந்தக் கஷ்டம் என்று பேசியவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. ஆள் போதாததற்கு ஓய்வைக் குறை சொல்வது என்ன நியாயம்? பிறகு தோன்றியது: அன்று ஃபோனில் நான் சொன்னதன் சாரமும் கிட்டத்தட்ட அதுதானே?

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கேப்டன்கள் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். யாரும் இல்லை என்று மட்டும் சொல்லாதே என்றேன். "அப்போ பொய் சொல்லவா சார்?" என்றாள். வேண்டாம், "அதை நாங்க பார்த்துக்கிறோம், நீங்க உடம்பைச் சொல்லுங்க"ன்னு சொல்லு என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, இருபது வருஷமாகப் பறக்கிறவருக்கு அதன் அர்த்தம் புரியாதா?

ஆள் தேடுகிறவரே ஃபிட்டா என்றும் கேட்கக் கூடாது என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரவு ஷிஃப்டில் ஒரு டாக்டரோ, அன்று டியூட்டி இல்லாத மூத்த விமானியோ அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். அவர்கள் கேட்டிருந்தாலும் அந்தக் கேப்டன் "சரி, வரேன்" என்றுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. பதில் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ரெண்டையும் கேட்பது நாங்கள்தான்.