இருமல் இல்லாத கிழவன்

ஜூலை 3, வியாழன்

புது நாடகத்தில் எனக்கு அப்பா வேஷம். கதைப்படி வயது 68. எனக்கு நடப்பது 41. மகனாக நடிக்கிற பையன் என்னைவிட ஆறு வயதுதான் சின்னவன். ஒத்திகை முடிந்ததும் "அண்ணே" என்று தோளில் கை போட்டு டீக்கடைக்கு இழுத்துப்போகிறான்.

முதல் ஒத்திகையிலேயே முதுகை வளைத்தேன், கையை நடுங்கவிட்டேன், வசனத்துக்கு நடுவே இரண்டு தடவை இருமினேன். பிரமாதமாகச் செய்கிறோம் என்றுதான் நினைப்பு. டைரக்டர் மேடம் ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டு, "சார், இந்த அப்பாவுக்கு வயசாயிடுச்சா, இல்ல உடம்பு சரியில்லையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரயிலில் வரும்போதுதான் சிரிப்பு நின்றது.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டுச் சொன்னார். "ரங்காராவ் படம் நாலு பாருங்க. அப்புறம் இருமறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வீட்டுக்கு வந்து பழைய குணச்சித்திர நடிகர் எஸ்.வி.ரங்காராவைத் தேடினால், பிறந்தது 1918 ஜூலை 3, ஆந்திரத்து நூஜிவீடு. இன்றைக்கே பிறந்தநாள்! சரி, சகுனம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 5, சனி

படம் பார்க்க உட்கார்ந்தவன் அவர் வாழ்க்கையைப் படித்துக்கொண்டே இருந்துவிட்டேன். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர். கூடவே நாடகம். முதல் படத்தில் கதாநாயகன், படம் ஓடவில்லை. மனிதர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் டாடா கம்பெனியில் சேர்ந்துவிட்டார். சினிமா அவரை மறந்திருந்தால், ஓய்வு பெற்று, பேரக்குழந்தைகளிடம் "நானும் ஒரு படத்தில் ஹீரோ" என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார். பகலில் ஆபீஸ், ராத்திரி ஒத்திகை என்று ஓடும் எனக்கு அந்த ஜாம்ஷெட்பூர் நாட்களைப் பற்றித்தான் நிறையத் தெரிந்துகொள்ள ஆசை. கிடைப்பது ஒரு வரிதான்.

திரும்பி வந்து சின்னதும் பெரியதுமாகச் செய்து, 1951இல் 'பாதாள பைரவி' மந்திரவாதி. அப்போது வயது 32. அதற்குப் பிறகு அவரை யாரும் ஹீரோவாக நினைத்துப் பார்க்கவில்லை. அந்த உடம்பையும் அந்தத் தொண்டையையும் வைத்துக்கொண்டு பூங்காவில் டூயட் பாடவும் முடியாதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

'மிஸ்ஸியம்மா'. பள்ளிக்கூடத்துக்குக் கணவன் மனைவியாக ஆசிரியர்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கிற ஜமீன்தார். அசட்டுத்தனமாக நல்லவர். சிரிக்க வைப்பதற்கென்று அவர் எதுவுமே செய்வதில்லை. தான் நம்புகிறதை முழுசாக நம்புகிறார், நமக்குச் சிரிப்பு வருகிறது.

படம் முடிந்ததும் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 1955 தொடக்கத்தில் ரங்காராவுக்கு 36. படத்தில் அவருக்கு மாப்பிள்ளையாகப் போகிற ஜெமினி கணேசனுக்கு 34. இதைவிட வேடிக்கை 'எங்க வீட்டுப் பிள்ளை'. சரோஜாதேவிக்கு அப்பா ரங்காராவ், மாப்பிள்ளை எம்.ஜி.ஆர். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி. மாமனாரைவிட மாப்பிள்ளை ஒன்றரை வயது மூத்தவர்! தியேட்டரில் ஒருத்தராவது இதை நினைத்திருப்பார்களா?

வி.கே.ராமசாமி கதை இன்னும் மோசம். 'நாம் இருவர்' 1947இல் வந்தபோது அவருக்கு 21தான். கிழவர் வேஷம். கல்யாண வயதுகூட ஆகாதவருக்குத் தலையில் நரை. நம் குணச்சித்திர நடிகர்கள் பாதிப் பேருக்கு இளமை என்ற ஒன்று திரையில் கிடைக்கவே இல்லை. 41இல் அப்பா வேஷத்துக்கு நான் முணுமுணுப்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஜூலை 9, புதன்

ஒத்திகை. இருமல் போய்விட்டது. கை மட்டும் நடுங்கியது. அது நடிப்பு இல்லை, வசனம் மறந்துவிடுமோ என்ற பயம்.

ஜூலை 12, சனி

மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 'மாயாபஜார்'. கடோத்கஜன் கல்யாண சமையலைக் காலி செய்கிற பாட்டுக்கு அவள் மூன்று தடவை ரீவைண்ட் கேட்டாள். எனக்குப் பிடித்தது அது இல்லை. கடோத்கஜன் வத்சலா உருவத்துக்கு மாறிய பிறகு வருகிற பகுதி. திரையில் இருப்பது சாவித்திரி, ரங்காராவ் கிடையாது. ஆனாலும் அந்த மிதப்பு, அதட்டல், அடியெடுத்து வைக்கிற தோரணை எல்லாம் அவருடையது. சாவித்திரியின் சாமர்த்தியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒருத்தர் நடையை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டது நமக்குப் புரிய வேண்டுமென்றால், முதலில் அவருக்கு என்று ஒரு நடை இருந்திருக்க வேண்டுமே.

"எனக்குன்னு ஒரு நடை இருக்காடா?" என்று மகளிடம் கேட்டேன். எழுந்து போய் என் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடது காலை மட்டும் லேசாகத் தேய்த்துத் தேய்த்து நடந்து காட்டினாள். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அது என் அப்பாவின் நடை. தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்டு நாங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுப்போம்.

ஜூலை 13, ஞாயிறு

'படிக்காத மேதை'. இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

படம் வந்தது 1960 ஜூன் கடைசியில். ரங்காராவுக்கு 42 முடிய இன்னும் சில நாள். அதாவது 41. என் வயது! இந்த வயதில் அவர் ஒரு பெரிய குடும்பத்தின் தலைவர், சிவாஜியை வளர்த்து ஆளாக்கியவர். சிவாஜியோடு வயது வித்தியாசம் வெறும் பத்து வருஷம்.

முதுகு வளையவில்லை. கை நடுங்கவில்லை. பிறகு எப்படி அவரைப் பெரியவர் என்று நம்புகிறோம்? இரண்டாவது தடவை பார்க்கும்போது அவரை விட்டுவிட்டுச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தேன். அவர் பேசி முடிக்கிறவரை வீடு காத்திருக்கிறது. அது தனக்கு உரிமை என்பதுபோல அவரும் அவசரப்படுவதில்லை. வயது அங்கேதான் இருக்கிறது. அப்புறம் பணம் போகிறது, அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போகிறது. முன்பு மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். இப்போது அவர் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிறார். உடம்பு அதேதான். ஆனாலும் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருக்கிறது.

'எங்கிருந்தோ வந்தான்' பாட்டில் சீர்காழி கோவிந்தராஜன் குரல் அவ்வளவு உச்சத்தில் நிற்கும்போது, முகத்தில் அதற்கு ஈடாக எதையாவது செய்ய வேண்டும் என்று எந்த நடிகருக்கும் கை அரிக்கும். இவர் கொஞ்சமாகத்தான் செய்கிறார். பாரதியின் வரிகளைப் பாட்டுக்காரரிடமே விட்டுவிடுகிறார். நானாக இருந்தால் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்திருப்பேன், நிச்சயம்.

ஜூலை 15, செவ்வாய்

கண்டுபிடித்ததையெல்லாம் இன்றைக்கு ஒத்திகையில் இறக்கினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஓர் இடைவெளி. மேடம் கடிகாரத்தைக் காட்டினார். முதல் காட்சியே ஆறு நிமிஷம் நீண்டுவிட்டது.

"அவருக்குக் குளோசப் இருந்துச்சு சார். உங்களுக்குக் கடைசி வரிசை இருக்கு."

நியாயம்தான். எல்லா வசனத்துக்கும் இடைவெளி விட்டால் அது கனம் இல்லை, மறதி. ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்: மகன் சண்டை போட்டு முடித்த பிறகு வருவது. அவன் பேசும் அந்த இரண்டு பக்கமும் எனக்கு வசனமே கிடையாது. அங்கே என்ன செய்வது என்றதற்கு, "பாலையா என்ன செஞ்சாரு?" என்றார். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்கிற காட்சி. பேசுவது நாகேஷ். ஆனால் கதை நடப்பது டி.எஸ்.பாலையா முகத்தில். அந்த முகத்தை எடுத்துவிட்டால் நாகேஷ் தனியாகக் கத்திக்கொண்டிருப்பார். ஆக, எனக்கு வேலை கேட்பது. பாலையா அளவுக்கு வேண்டாம், அந்தப் பையன் சொல்வது காதில் விழுந்தால் போதும்.

ஜூலை 18, வெள்ளி

ரங்காராவ் 1974இல் இதே தேதியில் சென்னையில் காலமானார். 56 முடிந்து பதினைந்தே நாள். இருபது வருஷத்துக்கு மேலாக அப்பாவாகவும் தாத்தாவாகவும் வாழ்ந்து காட்டியவர் நிஜத்தில் ஒரு முழு நரையைக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறார். 'நர்த்தனசாலா' கீசகனுக்கு ஜகார்த்தாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். 2013இல் தபால் தலையும் வந்தது. என் நாடகத்து அப்பாவின் 68 வயதுக்கு அவர் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டார் என்பதுதான் காலையிலிருந்து மனதில் ஓடுகிறது.

சாயங்காலம் வேஷம் போட்டு முழு ஒத்திகை. விக் நெற்றியில் அரித்தது, ஒட்டு மீசை ஒரு பக்கம் பிய்ந்தது. செருப்பை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். உள்ளே வரும்போது இடது காலை லேசாகத் தேய்த்தேன். மரப்பலகை மேடையில் அந்தச் சத்தம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கேட்டது. சோபாவில் சாய்ந்திருந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஸ்கிரிப்டில் அப்படி இல்லை. மேடம் ஒன்றும் சொல்லவில்லை, எதையோ குறித்துக்கொண்டார். சண்டைக் காட்சியில் ஒரு வரி விட்டுப்போனது, பிராம்ப்ட் கொடுத்தார்கள். மீசையை மாற்ற வேண்டும்.

முடிந்து டீக்கடையில் நின்றோம். விக்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். பையன் கல்லாவுக்குப் போனவன் பாதியில் திரும்பி வந்தான்.

"அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை கம்மியாச் சொல்லட்டுமா?"