காற்று என்று எழுதினேன்

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகளில் போகும் குழு பாதி வழியில் திரும்பினால் ஏன் திரும்பியது என்று எழுத, கப்பல் குறிப்பேட்டில் ஒரு கட்டம் உண்டு. கயாக் வழிகாட்டியான நான் அன்றைக்கு அதில் "காற்று" என்று எழுதினேன். எழுதிய நேரத்தில் அண்டார்டிக்காவின் எண்டர்பிரைஸ் தீவைச் சுற்றி மணிக்கு 6 கடல் மைல் வேகத்துக்குக்கூடக் காற்று இல்லை. தண்ணீரில் பனிமலையின் நிழல் கலையாமல் கிடந்தது. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டவர் ஒருவர்தான். அவரும் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

அவருக்கு 74 வயது. தெற்கு நார்வேக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். தாத்தா திமிங்கில வேட்டைக்காகத் தென்கடலுக்குப் போய் வந்தவர். பேரன் வந்தது குவர்னோரன் கப்பலைப் பார்க்க. அது தாத்தா வேலை பார்த்த கப்பலன்று, ஆனால் அதே தொழிலில் ஓடிய கப்பல். 1915இல் தீப்பிடித்தபோது கப்பல் தலைவர் அதைக் கரையில் ஏற்றி நிறுத்தினார்; உள்ளே இருந்த 85 பேரும் தப்பினார்கள். விருந்தில் ஒரு விளக்கு கவிழ்ந்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். விருந்து நடந்ததோ இல்லையோ, கதை நன்றாக இருப்பதால் நாங்களும் ஒவ்வொரு குழுவிடமும் சொல்கிறோம். இப்போது துருப்பிடித்த முன்பகுதி மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அதில் ஆலாப் பறவைகள் கூடு கட்டுகின்றன. வில்ஹெல்மினா விரிகுடாவுக்கு வரும் கயாக் குழுக்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றாமல் போவதில்லை. முந்தைய இரவு அவர் வரைபடத்தில் அந்த இடத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தார்.

முந்தைய நாள் பனிச்சறுக்கு. அதில் நான் இல்லை. அந்த வழிகாட்டி இரவு உணவின்போது என்னிடம் சொன்னார்: "வளைவுகளில் மூன்று முறை விழுந்தார். நாளை உன்னிடம் வருகிறார். உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலைதானே, சமாளித்துவிடுவார்." சரிவில் குறுக்கும் நெடுக்குமாக ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காலைத் தூக்கி, பலகையோடு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இடுப்பும் சமநிலையும் ஒத்துழைக்காவிட்டால் அங்கேதான் விழுவார்கள். மூன்றாவது முறை விழுந்ததும் அவரோடு ஒரே கயிற்றில் கட்டியிருந்த ஐந்து பேரும் இறங்கிவிட்டார்கள். பனியாற்றின் மேல் வேறு வழி கிடையாது. புதுப் பனிக்கு அடியில் எங்கே பிளவு இருக்கிறது என்று தெரியாத இடத்தில் ஒருவரைத் தனியாக அனுப்ப முடியாது. ஒருவர் திரும்பினால் கயிறே திரும்பும். அதற்காக யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. இந்த விஷயத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறுநாள் கடலில் நான் செய்ததற்கு இதைத்தான் எனக்கு நானே நியாயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் ரப்பர் படகிலிருந்து ஒவ்வொருவராகக் கயாக்கில் இறக்கினோம். மொத்தம் பத்துப் பேர், ஐந்து இரட்டைக் கயாக்குகள். நான் முன்னால், என் உதவியாளர் கடைசியில், பின்னால் பாதுகாப்புக்கு ஒரு ரப்பர் படகு. இடுப்பைச் சுற்றி இறுக்கி, கயாக்கின் குழியை மூடுகிற ஸ்பிரே ஸ்கர்ட்டின் முன்விளிம்பில் ஒரு நாடா வளையம் இருக்கும். கவிழ்ந்துவிட்டால் அதைப் பிடித்து இழுத்தால்தான் வெளியே வரலாம். அது உள்ளே மடங்கிப் போய்விட்டால், தலைகீழாக, ஏறக்குறைய சுழியம் பாகைத் தண்ணீரில், விளிம்பைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவருடைய வளையம் உள்ளே இருந்தது. முதல் நாள் பாதிப் பேர் செய்கிற தவறு. எடுத்து வெளியே விட்டேன், காரணம் சொன்னேன். சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார், ஆசிரியரல்லவா.

அரை மணி நேரம் நன்றாகவே போனது. ஒரு பனிப்பாறைக்குத் தள்ளி நின்று எல்லோரும் படம் எடுத்தார்கள். அவரும் ஸ்கர்ட்டைத் திறந்து, உள்ளிருந்து காமிராவை எடுத்து, கையுறையைக் கழற்றிப் படம் எடுத்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் பக்கமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனபோது பார்த்தேன். வளையம் இல்லை.

"வளையம் வெளியே இருக்கிறதா?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். விரலால் அந்த இடத்தைத் தொட்டார். நகக்கண்கள் வெளுத்துப்போயிருந்தன. "வெளியேதான் இருக்கிறது" என்றார்.

இல்லை. அவர் தொட்ட இடத்தில் கறுப்புத் துணி மட்டும் இருந்தது. என் கயாக்கை அவருடையதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, விளிம்பைத் தூக்கி, வளையத்தை வெளியே இழுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் மடியில் வேறு யாருடைய கையோ வேலை செய்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குவர்னோரன் நிற்கும் இடத்துக்கு இன்னும் இருபது நிமிடம்தான். ஒரு பாறைமுனையைத் தாண்டினால் தெரிந்துவிடும். தாண்டவில்லை. துடுப்பைத் தலைக்கு மேலே கிடையாகத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினேன். மேலிருந்து காற்று இறங்கும்போலத் தெரிகிறது, திரும்புகிறோம் என்றேன்.

வேறு என்ன செய்திருக்கலாம்? அவரை மட்டும் ரப்பர் படகில் ஏற்றியிருக்கலாம். அது பின்னால் இருந்ததே அதற்காகத்தான். போர்த்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, அந்தப் படகிலேயே கப்பல் சிதைவுவரை கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கயாக்கில் இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்திருப்பார். மற்ற ஒன்பது பேரும் சுற்றிவிட்டு வந்திருப்பார்கள். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்பது பேர் முன்னிலையில் அவரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த வாக்கியத்தைத் தவிர்க்கத்தான் பத்துப் பேரையும் திருப்பினேன். கடலில் கயிறு கிடையாது. நானாகக் கட்டினேன்.

திரும்பும் வழியில் அவருடைய கயாக் என் பக்கத்துக்கு வந்தது. முன்னிருக்கையில் இருந்த அறைத்தோழருக்கு எங்கள் மொழி தெரியாது. அதனால் பெரியவர் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்:

"இந்தக் காற்றுக்கு என் பெயரா வைத்திருக்கிறீர்கள்?"

நான் பாடம் நடத்தத் தொடங்கினேன். மேலே பனிமேட்டில் காற்று குளிர்ந்து கனத்துவிடும், கனத்த காற்று சரிவில் தண்ணீரைப்போல வழிந்து இறங்கும், சில நிமிடங்களில் கண்ணாடிபோல இருக்கிற விரிகுடா வெள்ளை நுரையாகிவிடும், கயாக்குகள் சிதறிவிடும் என்றெல்லாம். சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அவர் முழுவதையும் கேட்டார். "புரிகிறது" என்றார். அப்புறம் துடுப்பைப் போடத் தொடங்கினார். ஒழுங்காக, சீராக, ஒரு துளி சிந்தாமல். அந்தத் துடுப்பைப் பார்த்தபோது தவறு செய்துவிட்டேன் என்று தோன்றியது.

நாங்கள் நார்வேஜிய மொழியில் பேசினோம். அதில் இன்றைக்கு எல்லோரும் "நீ"தான். பிரதமரும் நீ, பாட்டியும் நீ. அவர் என்னைக் கேட்டதும் "நீ" என்றுதான். இங்கே எழுதும்போது என் கை தானாக "நீங்கள்" போடுகிறது, அவருக்கும் எனக்கும் சேர்த்தே. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வட நார்வேயின் ஃபின்மார்க் கரைக்கு வந்து மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். மாலையில் வீட்டுக்கு வந்தால் விறைத்த விரலால் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நிற்பார். "குளிருதா அப்பா?" என்று கேட்டால், "பொத்தான் சின்னது" என்பார். அம்மா ஒன்றும் பேசாமல் வந்து கழற்றிவிடுவார். பொத்தான் சின்னது இல்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பெரியவர் ஒருவரின் முகத்துக்கு நேரே "உங்களால் முடியவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பனிச்சறுக்கும் கயாக்கும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள். இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்படி எழுதிவிட்டால் ஏதோ பண்பாட்டுச் சிக்கல் என்று அழகாக முடிந்துவிடும். நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. சக ஊழியர்களில் நார்வேக்காரர்கள், சிலிக்காரர்கள், நியூசிலாந்துக்காரர்கள் எல்லோரும் வானிலைமேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வானிலை எதிர்த்துப் பேசாது, புகார் எழுதாது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். பிற்பகல் இரண்டரைக்குக் காற்று வந்தது. மேலிருந்துதான், நான் சொன்னபடியே. கப்பலின் கருவியில் 30 கடல் மைலைத் தாண்டியது. சரிவில் இருந்த பனிச்சறுக்குக் குழு அவசரமாக இறங்கியும் ரப்பர் படகில் ஏறுவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டார்கள். அன்று மாலையே தலைவர் நங்கூரத்தை எடுத்துவிட்டார். இரவு உணவில் ஒருவர் எழுந்து, காற்றை நான்கு மணி நேரம் முன்பே மோப்பம் பிடித்த வழிகாட்டிக்கு என்று என் பக்கம் கோப்பையைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள். அவரும் தூக்கினார். "நல்ல காற்று" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, மன்னித்துச் சொன்னாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் சிரித்தபடி நன்றி சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

காற்று வந்ததால் என் முடிவு சரியாகிவிடாது. பத்து நாற்பதுக்குத் திரும்பினோம். போயிருந்தால் பன்னிரண்டுக்கு முன்பே கப்பலுக்கு வந்து சூப் குடித்துக்கொண்டிருப்போம். வருகிற காற்று எனக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. ஆனாலும் அந்த விரலைப் பார்த்தேனே. குளிர்நீரில் விழுந்தவரைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் உருப்படியாக அசைய பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். வளையம் உள்ளே இருப்பவருக்கு முதல் நிமிடத்திலேயே கை வேலை செய்தாக வேண்டும். அவருக்கு விழுவதற்கு முன்பே வேலை செய்யவில்லை. அல்லது காமிராவுக்காகக் கையுறையைக் கழற்றிய எல்லோருக்கும் அன்று அப்படித்தான் இருந்ததா? மற்றவர்களின் விரல்களை நான் பார்க்கவில்லை. "வெளியேதான் இருக்கிறது" என்றாரே, அது மறதியா, குளிரில் மந்தமான புத்தியா, வெறும் வீம்பா? கப்பல் மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் "காற்று" என்று எழுதியது என்ன ஆவது? அதனால் சொல்லவில்லை. மருத்துவ ரீதியாக அவரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவன்போல இங்கே எழுதுகிறேன். கப்பலில் அந்தக் கவலை மருத்துவர் அறைவரைகூட நடக்கவில்லை.

அர்ஜென்டினாவின் உஷுவையா துறைமுகத்தில் இறங்கும்போது கைகுலுக்கினார். சாதாரணமான கைகுலுக்கல்தான். பிடி உறுதியாக இருந்தது.

போன பருவத்தில் மறுபடியும் அந்த இடத்துக்குப் போனேன். எட்டுப் பேர், எல்லோரும் நாற்பதுக்குக் கீழே, நன்றாகத் துடுப்புப் போடுகிறவர்கள். கிளம்பும்போதே காற்று மணிக்கு 14 கடல் மைல், முனையில் தண்ணீர் குறுகுறுவென்று எழுந்துகொண்டிருந்தது. போனோம். குவர்னோரனைச் சுற்றினோம். ஆலாக்கள் தலைக்கு மேலே கத்தின, விளக்கு கவிழ்ந்த கதையைச் சொன்னேன். துருப்பிடித்த அந்த முன்பகுதியை ஒரு படம் எடுத்தேன். அவருடைய முகவரி என்னிடம் இருக்கிறது. பயணம் முடிந்ததும் எல்லோரும் மின்னஞ்சல் முகவரிகளைப் பகிர்ந்துகொள்வார்கள்.

அன்றிரவு அறையில் அந்தப் படத்தை இணைத்து, "இன்று காற்று இல்லை" என்று எழுதினேன். அழித்தேன். காற்று இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தண்ணீரில் வெள்ளை நுரை தெரியும். அவர் பெரிதாக்கிப் பார்ப்பார். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடிதம் இன்னும் வரைவில்தான் இருக்கிறது, படம் மட்டும் இணைந்தபடி.