களைத்த கைக்கு ஒரு பொத்தான் போதும்

என்னைப் போல மூட்டு வீங்கி விறைக்கும் முடக்குவாதக்காரர்களுக்குக் கைபேசிச் செயலி செய்யும் தம்பி, பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக்கே வந்து கருத்துக் கேட்டார். கேட்க வந்ததே பெரிது. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோதும் இப்படித்தான் மகிழ்ந்தேன்.

செயலியின் மாதிரியில் இரவுதோறும் பத்துக் கேள்விகள். வலியின் அளவைக் காட்ட விரலால் இழுக்கும் கோடு. வீங்கிய கட்டைவிரலை வைத்தேன். மூன்றில் நிறுத்த நினைத்தது ஏழுக்கு ஓடியது.

"'நேற்றைப் போலவே' என்று பெரிதாக ஒரு பொத்தான் வையுங்கள், தம்பி" என்றேன். உடம்பு அசந்துபோகும் நாளில்தான் பதிவு விடுபடும். அந்த வெற்றிடத்தை மருத்துவர் நலம் என்று படித்துவிடக் கூடாது. விடாமல் பதிவிடுபவருக்கு நட்சத்திரம் தருவதையும் நீக்கச் சொன்னேன்.

அடுத்த கூட்டம் காலையில் வேண்டாம். விறைப்பு விடவே நேரமாகும். மதியம், அரைமணி நேரம், படுக்க ஒரு பாய்.