பால்பல் சொத்தையும் ஒருநாள் கூலியும்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில், குழந்தையின் பல் சொத்தையாகியிருக்கிறது என்று சொன்னால், "விழப்போற பல்லுதானேக்கா" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. நடவு நடக்கும் நாளில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறி, அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கிக் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடுகிறது. மறுபடியும் வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலியும் போகிறது. நடவும் களையெடுப்பும் முடிந்தபின் வாரக்கணக்கில் வயலில் வேலையே இருக்காது என்னும்போது, அந்தக் கூலியை விட அவரால் எப்படி முடியும்?

சொத்தை வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கும் வரத்தான் செய்கிறது. அவர்கள் மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ தனியார் மருத்துவரிடம் பணம் கட்டி அடைத்துக்கொள்கிறார்கள். கூலி வீட்டுக் குழந்தையின் பல்லில் அது வேர்வரை இறங்குகிறது. கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. நான்கு வயதில் சொத்தையான பல்லோடு அந்தக் குழந்தை எத்தனை ஆண்டுகள் ஒருபக்கமாகவே மென்று, இரவில் வலியில் அழுது, ஈறு வீங்கிச் சீழ் கட்டி அவதிப்பட வேண்டும்! அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் அதனால் பழுதுபடலாம்.

2013இல் தொடங்கப்பட்ட, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொத்தையைக் கண்டுபிடித்து, மருத்துவமனைக்குப் போகும்படி சீட்டெழுதிக் கொடுத்தால், தாய் மீண்டும் அதே கூலிக் கணக்கின் முன்தான் நிற்கிறார்.

ஆகவே சிகிச்சையே அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்கிறேன். உலக சுகாதார அமைப்பு 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சிறு தூரிகையால் சொத்தையில் தடவினால், பெரும்பாலும் அது மேலும் பரவாமல் நிற்கிறது. பல்லைக் குடையவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை, குறிப்பாக முன்பல் என்றால், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். சீழ் கட்டிய பல்லுக்கு இந்த மருந்து போதாது. அந்தக் குழந்தைகளைத் தாயுடன் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்துவிட, நடவு இல்லாத நாளாகப் பார்த்து, அங்கன்வாடியிலிருந்தே அரசு வண்டி விட வேண்டும்.