டேங்க் நிரம்பினால் மட்டும் வந்த பெட்ரோல் வாடை

காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் அது எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய பெட்ரோல் காரில் வாடை வந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவியது அந்தக் குறிப்புதான். டேங்கை நிரப்பிய அன்று வாடை வந்தது. அளவு முக்கால் டேங்குக்குக் கீழே இறங்கியதும் தானாகவே நின்றுபோனது. முன்சீட்டில் இருந்த எனக்குத் தெரிவதற்கு முன்பே பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தெரிந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, வளைவுகளில் டேங்கில் பெட்ரோல் அலையும் நேரத்தில், அது இன்னும் கூடி அம்மாவுக்குத் தலைவலியையே வரவழைத்தது.

முதலில் காட்டிய பட்டறையில் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க சார், அந்த வாடைதான்" என்றார்கள். எத்தனால் கலப்பது உண்மை. பழைய ரப்பர் பாகங்கள் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் பெட்ரோலில் எது கலந்திருந்தாலும், டேங்கிலிருந்து இன்ஜின் வரை முழுக்க மூடப்பட்டிருக்கும் அமைப்பிலிருந்து அதன் ஆவி காருக்குள் வரக்கூடாது. வருகிறது என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது என்றே பொருள். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையோடு தேங்கும். காற்றில் 1.4 விழுக்காடு அளவு சேர்ந்தாலே தீப்பிடிக்கும் நிலையை எட்டிவிடும். எங்கள் போர்ட்டிகோவில் இன்வெர்ட்டர் பேட்டரியும் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சும் இருப்பதால், பழுது தீரும்வரை காரைத் தெருவோரம் திறந்த வெளியில் நிறுத்தினோம்.

இன்ஜின் பக்கம் கசிவு இருந்தால் அதன் அடையாளம் வேறு. இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் இருக்கும் காரில் குழாய்க்குள் ஏறத்தாழ 3 பார் அழுத்தம், அதாவது காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு, இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வாடை தூக்கலாக அடிக்கும், வெளிக்காற்றை உள்ளே விடும் ஏசி வழியாக முன்சீட்டுக்குத்தான் முதலில் வரும். நான் அந்தக் காற்றுவழியை மூடியும் திறந்தும் ஓட்டிப் பார்த்தேன். வாடையில் எந்த மாற்றமும் இல்லை. ஆயில் அளவுக்கோலை உருவி முகர்ந்தபோது பெட்ரோல் நெடி இல்லாததால், இன்ஜெக்டர் ஒழுகி ஆயிலில் கலக்கிறதோ என்ற சந்தேகமும் பெருமளவு நீங்கியது. எலி கடித்த ஹோஸ் நம் ஊரில் சாதாரணமாக நடப்பது என்பதால் அடிப்பக்கக் குழாய்களையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். ஈரம் எங்கும் இல்லை. அடுத்தது கரித்தூள் அடைத்த கேனிஸ்டர். டேங்கின் ஆவியைப் பிடித்து வைத்து, பிறகு இன்ஜினுக்கு அனுப்பும் பாகம் அது. அந்த ஆவியை இன்ஜினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டும். கழற்றி ஊதிப் பார்த்ததில் காற்று போகவில்லை, அதுவும் சரியாகவே இருந்தது.

மிஞ்சியது டேங்கின் மேல்பகுதி. பெட்ரோல் பம்பை டேங்குக்குள் இறக்கியிருப்பது அதன் வழியாகத்தான். சில மாதங்களுக்கு முன்பு வேறொரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றியிருந்தோம் என்பதையும், வாடை அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பதையும் இரண்டாவதாகப் போன பட்டறையில் சொன்னேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் கேட்டவுடனே, "பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருப்பாங்க, பின்சீட்டைத் தூக்கிப் பார்த்துரலாமுங்க" என்றார். பம்புக்கும் டேங்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஓ-ரிங். சீட்டுக்கு அடியில் இருந்த தகட்டு மூடியைக் கழற்றியதும், பம்பைச் சுற்றிப் படிந்திருந்த தூசி ஒரு பக்கம் மட்டும் ஈரமாகிக் கறுத்திருந்தது. டேங்க் நிறையும்போதும் மேட்டில் சாயும்போதும் பெட்ரோல் தொடும் உயரம் அதுதான்.

வேலையை அவர் செய்த ஒழுங்கு எனக்கு மிகுந்த நம்பிக்கையைக் கொடுத்தது. டேங்கில் பாதிக்கும் குறைவாகப் பெட்ரோல் இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னார். வேலையன்று வண்டியைக் கூரையில்லாத இடத்தில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, அது தானாக நின்ற பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்போதே இணைப்பைக் கழற்றினால் பெட்ரோல் பீறிட்டு அடிக்கும். மண் டேங்குக்குள் விழாதபடி பம்பைச் சுற்றித் துடைத்த பிறகே, அதை டேங்கோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையத்தைத் திருப்பினார். இரும்பு ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரு பொறி போதும் என்பதால் அவர் அதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்தினார்.

வெளியே எடுத்த ஓ-ரிங் பெட்ரோலில் ஊறிப் பருத்திருந்தது. பழைய ரிங் இப்படி ஊதிவிட்டால் பள்ளத்தில் அடங்காமல் ஓரிடத்தில் நசுங்கும், அந்த இடத்தில்தான் ஆவி கசியும். பம்பைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது ரிங் போட வேண்டும் என்பது இதனால்தான். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சொற்பம்.

புது ரிங் போட்டு டேங்கை நிரப்பியதும் காருக்குள் வாடை நின்றது. ஆனால் பெட்ரோல் ஊற்றும் வாயின் பக்கத்துப் பின்சக்கரத்தின் அருகே குனிந்தால் இலேசாக அடித்தது. சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி, வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தபோது, நேராக இருக்கையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விரிந்தன. பெட்ரோலுக்கென்று செய்த ஹோஸையே வாங்கி, கிளிப்புகளையும் புதிதாகப் போட்டோம். கடைக்காரர் காட்டிய ரேடியேட்டர் ஹோஸ் அளவில் பொருந்தினாலும் பெட்ரோலைத் தாங்காது என்று மெக்கானிக் உறுதியாக மறுத்துவிட்டார்.

அதன் பிறகும் சீட்டின் ஸ்பாஞ்சில் ஏறியிருந்த நெடி போகவில்லை. அதைத் தனியாகக் கழற்றி, முற்றும் போகும்வரை வெயிலில் காயவைத்தோம். கசிவு தீராதபோது காரில் பர்ஃப்யூம் மாட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அபாயத்தைத் தெரிவிக்க நமக்கு இருப்பது அந்த வாடை ஒன்றுதான். ஸ்பாஞ்ச் காய்ந்த பிறகு டேங்கை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி, இரவு முழுவதும் தெருவிலேயே நிறுத்தினோம். காலையில் அம்மாவையே பின்கதவைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். வாடை இல்லை என்றார்.

இப்போது பங்க்கில் ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லிவிடுகிறோம். ரூபாயை முழுசாக்க அதற்கு மேலும் அழுத்தி ஊற்றினால் பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் போய்க் கரித்தூளை நனைத்துவிடும். அதை மாற்றும் செலவு அந்த ஓ-ரிங்கைவிடப் பல மடங்கு.