அந்த 2 மார்க்

ஜனவரி 6
ஏழாங்கிளாஸுக்கு அரையாண்டு கணக்கு பேப்பர் குடுத்தேன். நைட் 10:40க்கு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அம்மா போட்டோ போட்டுட்டாங்க, சரியா போட்ட கணக்குக்கு மிஸ் 2 மார்க் குறைச்சிருக்காங்க, இதுக்குத்தேன் இம்புட்டு ஃபீஸ் கட்டுறமான்னு. கீழ வரிசையா கட்டைவிரல். சோத்துல ரசத்த ஊத்திட்டு உக்காந்தவ அப்படியே மூடி வச்சுட்டேன்.

ஜனவரி 7
கரெஸ்பாண்டென்ட் ரூம்ல வச்சு பேப்பர வாங்கி பாத்தேன். பேப்பர் பூரா பால்பாயின்ட், விடையில மட்டும் 56 ங்கிறது 58 ஆகியிருக்கு, 6க்கு மேல ஒரு சின்ன சுழி, ஜெல் பேனா, நான் போட்ட சிவப்பு வட்டத்துக்கு மேலேயே ஏறி நிக்கிது, மை பின்பக்கம் வரைக்கும் ஊறிருக்கு. வாயத் தெறக்கப் போனேன், அதுக்குள்ள அந்தம்மா, "இவுக பெல்ட்ட எடுத்துட்டாக மிஸ், அவன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சப்பறம்தான் கீழ வச்சாக"ன்னாங்க. பெருமையா சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. பையன் கதவுக்கு வெளிய நின்னு ஷூவ ஷூவால தேச்சுகிட்டு இருந்தான்.

கவனிக்காம விட்டுட்டேன் சார், சாரின்னு சொல்லி 2 மார்க் போட்டுக் குடுத்தேன். "பாத்து திருத்துங்கம்மா"ன்னு அவங்க முன்னாடியே வாங்கிக் கட்டிக்கிட்டேன். நாம புள்ளைய அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவே இருக்கு, நல்லதுதான், வீட்டுக்குள்ள இருக்க பெல்ட்ட எவன் போயி கேக்குறது.

ஜனவரி 14
பொங்கல். அவனியாபுரத்துல மாடு அவுத்து விடுறாங்க, வில்லாபுரம் வரைக்கும் ஒரே பைக் சத்தம். வேலைய விடலாமான்னு அவர்ட்ட கேட்டேன், விட்டுட்டு என்ன பண்ணுவன்னாரு. 16,500 சம்பளம், வீட்டு வாடகையே அதுலதான் போகுது. டெட், அதான் டீச்சர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணிருந்தா பேச்சே வேற, 2023 பிப்ரவரில எழுதுன பேப்பர் 2ல 150க்கு 79, எங்க கேட்டகிரிக்கு அப்ப 82 வேணும்னு இருந்துச்சு. நாலு ராத்திரி தூக்கம் இல்லாம அந்த 3 மார்க்குக்கு ஆன்சர் கீய பொரட்டுனவதான் நானும், அதனால அந்தம்மா மேல முழுசா கோவமும் வர மாட்டேங்குது. இதுல ஒரிஜினல் சர்டிபிகேட் பூராம் ஸ்கூல் பீரோவுல கெடக்கு, வருஷ நடுவுல போனா 3 மாச சம்பளத்தக் கட்டிட்டு வாங்கணுமாம்.

ஜனவரி 21
ஸ்லிப் டெஸ்ட் திருத்துனேன். அவன் பேப்பர் வந்ததும் கை நின்னுருச்சு. ஃபார்முலாவே தப்பு, ஸ்டெப்புக்கு எதுவும் கெடையாது, ஆனா அரை மார்க் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். அடுத்த பேப்பர் ஒரு அமைதியான புள்ளையோடது, ஆட்டோ ஓட்டுறவரு மக, அவங்க வீட்ல இருந்து இதுவரைக்கும் ஒரு போன் வந்ததில்ல. அதே தப்புதான். சைபர் போட்டுட்டு மூடிட்டேன், பெறவு ராத்திரி 11 மணிக்கு எந்திரிச்சு வந்து அவளுக்கும் அரை போட்டேன். பன்னெண்டு வருஷத்துல இந்த மாதிரி பண்ணதில்ல.

ஜனவரி 29
அடுத்த வருஷம் தொடர விருப்பமான்னு ஃபார்ம் சுத்துல வந்துச்சு. இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன், ஏப்ரல் முடியட்டும். அத்தைட்ட இன்னும் சொல்லல. டெட் புக்க பரண்ல இருந்து எறக்கணும், அதுலயும் அதே ஏழாங்கிளாஸ் கணக்குதான்.