அப்பாவின் இடது பக்கம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பத்தொன்பதாம் நாள், பிசியோதெரபி சயாமா (பர்மியத்தில் ஆசிரியையை இப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்) வீட்டுக்கு வந்தார். ரங்கூனில் அனோரத்தா சாலையை ஒட்டிய சந்து, நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை நாற்காலியோடுதான் தூக்கி வந்திருந்தோம். வந்ததும் கையையும் காலையும் பிடித்துப் பயிற்சி கொடுப்பார் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் அவர் கேட்டார், பார்த்தார், எழுதினார், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் கேட்டது, "நோய்க்கு முன்னால் ஊலே (மாமா) ஒரு நாளில் என்னென்ன செய்வார்?" காலையில் இறங்கிப் போய் டீக்கடையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) சாப்பிடுவேன், லுங்கியை நானே கட்டுவேன் என்றார் அப்பா. படி, குட்டை ஸ்டூல், லுங்கி முடிச்சு என்று சயாமா குறித்துக்கொண்டார். அடுத்த நான்கு மாதமும் எங்கள் வேலை இந்த மூன்றைச் சுற்றியேதான் நடந்தது.

பிறகு தசை பலம் பார்த்தார். 0 முதல் 5 வரை மதிப்பெண். இடது முழங்காலுக்கு 3, அதாவது புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறது. விரல்களுக்கு 1, தசை லேசாகத் துடிக்கிறது, விரல் அசையவில்லை. முழங்கையை வேகமாக நீட்டி, எங்கே இறுக்கிப் பிடிக்கிறது என்றும் பார்த்தார்.

அடுத்து கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். அப்பாவுக்கு பர்மியம் தண்ணீர் பட்டபாடு. ஆனால் நோய்க்குப் பிறகு தமிழில் கேட்டால்தான் சட்டென்று பதில் வந்தது, அதனால் நான் மொழிபெயர்த்தேன். எல்லாம் சரியாகச் சொன்னார். சயாமா என்னைப் பார்த்து, "கையை மடியில் வைத்துக்கொண்டு பேசுங்கள்" என்றார். மேலே, கீழே என்று சொல்லும்போது என் கையும் கூடவே போயிருக்கிறது. அப்பா ஓரக்கண்ணால் அதைப் பார்த்திருக்கிறார். கண்ணில் துணி கட்டி மறுபடி கேட்டபோது பாதிக்கு மேல் தப்பு.

கடைசியாக ஒரு தாளில் கோடு போட்டு, நடுவில் குறி வைக்கச் சொன்னார். அப்பா வலது ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தினமும் தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே மிஞ்சும். பசியில்லை என்று நினைத்திருந்தோம். மூளையின் வலது பக்கம் அடிபட்டால், பார்வை நன்றாக இருந்தும் இடது பக்க உலகமே கவனத்தில் வராமல் போவதுண்டாம். நாங்களோ கட்டிலை இடது பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம். அன்றே திருப்பிப் போட்டோம். அதன் பிறகு யார் வந்தாலும் இடது பக்கம் நின்று பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

தோளிலும் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்திருந்தது. தசை தளர்ந்திருக்கும்போது கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கும். தூக்கி உட்காரவைக்க அந்தக் கையைப் பிடித்து இழுத்தவன் நான்தான். இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள்: தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உட்காரும்போது அடியில் தலையணை கொடுங்கள்.

சமநிலைக்கு பெர்க் அளவுகோல்: 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண். அன்று அப்பா எடுத்தது 19.

பயிற்சிக்கு டீக்கடையில் இருப்பது போன்ற பிளாஸ்டிக் ஸ்டூல்களை வாங்கி அடுக்கினோம். இடது பாதத்தைச் சற்றுப் பின்னால் வைத்து எழ வேண்டும், அப்போதுதான் எடை அந்தக் காலில் இறங்கும். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு ஐந்து தடவை. சுலபமானதும் அடுக்கிலிருந்து ஒரு ஸ்டூலை உருவிவிடுவார் சயாமா. படிக்கு, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். அப்பா அதை "ஏற நல்லது, இறங்க மெல்லது" என்று தமிழாக்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே ஏறுவார்.

ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. நடுக்கூடத்தில் நின்றிருந்த அப்பா அப்படியே சாய்ந்தார், நல்லவேளை, பிடித்துக்கொண்டேன். கால் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியாததால், கண்ணால் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறார். கட்டைவிரலை அசைத்துப் பார்த்தது எதற்கென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் சார்ஜர் விளக்கு இல்லாமல் அவரை எழுந்து நடக்கவிட்டதில்லை.

மூன்றாம் மாதம் பெர்க் 46. விரல்கள் இன்னும் விரியவில்லை, முழங்கை முன்பைவிட இறுகியிருக்கிறது; அதற்கு நீட்டும் பயிற்சி ஓடுகிறது. லுங்கியின் ஒரு முனையை இடது மணிக்கட்டால் இடுப்போடு அழுத்திக்கொண்டு வலது கையால் செருகிக்கொள்கிறார். சரியான முடிச்சு இல்லை, ஆனால் அவிழ்வதில்லை.

நான்காவது மாதம் படியிறங்கி டீக்கடைக்குப் போனோம். நடுவில் இரண்டு தடவை நின்றார். குட்டை ஸ்டூலில் அவராகவே உட்கார்ந்தார். நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன்.